பட்டாளத்தில் காலை இழந்தவர் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவர் காலாட்படையில் நாயக் பதவியில் இருந்தவர். 2002 ஜூலை மாதம் பஞ்சாப் எல்லையில் கண்ணிவெடி வெடித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊர். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பஸ்ஸிலும் பந்தியிலும் ரேஷன் கடை வரிசையிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சில பதில்கள் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. கணவரோ மகனோ எங்கோ ஒரு ராணுவ மருத்துவமனையில் கிடக்க, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். 2002-இல் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

எந்தப் போரில் கால் போனது? கார்கிலா?

கார்கில் இல்லை. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, நம் படைகள் மேற்கு எல்லை நெடுகிலும் கொண்டுபோய் நிறுத்தப்பட்டன. ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்று பெயர். ஏறக்குறைய பத்து மாதம் அங்கேயே நின்றார்கள். போர் அறிவிக்கப்படவே இல்லை. 2002 அக்டோபரில் திரும்ப முடிவானது.

அந்த மாதங்களில் எல்லையோர வயல்களிலும் மணல்வெளிகளிலும் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். புதைத்த இடத்துக்கு வரைபடம் உண்டு. ஆனால் மழைத் தண்ணீர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை. மண் கரைந்தால் வெடியும் நகர்ந்துவிடும். என் கணவர் மிதித்தது அப்படி நகர்ந்த ஒன்றை. நம் படையே புதைத்தது அது.

இதைச் சொன்னதும் கேட்பவர்களின் குரல் இறங்கிவிடுகிறது. “அப்படியென்றால் சண்டையில் போகவில்லையா?” என்கிறார்கள். எதிரி சுட்டுப் போன காலுக்கு ஒரு மதிப்பு, நம் வெடியில் போன காலுக்கு வேறு மதிப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லையில் நில் என்று சொன்ன இடத்தில் அவர் நின்றார். அரசின் விதியும் அதைத்தான் சொல்கிறது. எல்லைக்கு அருகே போர்ப்பணிப் பகுதியில் கண்ணிவெடி புதைக்கும்போதோ, அகற்றும்போதோ, எதிரியோ நம் படையோ புதைத்த வெடிநிலத்தைக் கடக்கும்போதோ ஏற்படும் காயம் போர்க்காயமே. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணையில் இது இருக்கிறது. இந்த ஒரு வரிக்காக நாங்கள் பட்ட பாட்டைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கால் போவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார்?

இதை யாரும் அடிக்கடி கேட்பதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி இது.

வேர்க்கடலையும் கேழ்வரகும் போடும் மானாவாரிக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவார். ஒரு மைல் ஓட்டம், பள்ளம் தாண்டுதல், கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குதல் என்று 1993-இல் ஆள்சேர்ப்பில் தேறினார். பயிற்சி நீலகிரியில், வெலிங்டனில். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் அங்கேதான். 1758-இல் தொடங்கிய அந்த ரெஜிமென்ட், இந்தியக் காலாட்படையிலேயே பழமையானது. வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் மாதம் குளிரில் உதடு வெடித்து இரத்தம் வந்ததாம். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று அந்தப் படையின் முழக்கத்தை அவர் கற்றுக்கொண்டது அந்த உதடுகளால்தான்.

காலாட்படை என்றால் நடப்பதும் சுமப்பதும்தான். துப்பாக்கி, குண்டுகள், தண்ணீர், போர்வை, மண்வெட்டி எல்லாம் முதுகில் ஏறும். நீண்ட நடை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி ஹவில்தார் ஒவ்வொருவர் பாதத்தையும் பார்ப்பாராம். விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா, குதிகாலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “துப்பாக்கி பழுதானால் இன்னொன்று தருவார்கள். பாதம் பழுதானால் உன்னை இன்னொருவன் சுமக்க வேண்டும்” என்பாராம். எங்கள் கல்யாணம் ஆன புதிதில், லீவில் வந்தால் இரவு படுக்கும் முன் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பவுடர் போடுவார். கோயிலுக்குப் போகிறவர் போல அத்தனை சிரத்தை. எனக்கு அது வியப்பாக இருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு மாத லீவு. ஜம்முப் பக்கம் இருந்தபோது, வாரம் ஒருமுறை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் காட்பாடியில் வந்து இறங்குவார். கறுப்பு டிரங்குப் பெட்டி, கேன்டீன் சாமான், அப்பாவுக்கு ஒரு கம்பளி. மறுநாளே கிணற்று மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரியிலிருந்து வரும் இன்லாண்டு கடிதங்களில் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: “ஏரிக்குத் தண்ணீர் வந்ததா?”

இந்தப் பக்கத்திலிருந்து ஏன் இத்தனை பேர் பட்டாளத்துக்குப் போகிறார்கள்?

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதை என் மாணவர்களில் பலர் ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருக்கிறார்கள். மழையை நம்பிய நிலம் ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடாது. ஒருவன் தோல் தொழிற்சாலைக்குப் போவான், ஒருவன் பெங்களூருக்குப் போவான், ஒருவன் பட்டாளத்துக்குப் போவான். போனவன் ஓய்வூதியத்தோடு வந்து மாடி வீடு கட்டினால் அடுத்த வீட்டுப் பையனும் ஓடப் பழகுகிறான். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. அங்கே படையில் இருந்தவரோ இருப்பவரோ இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அதைக் காட்டியிருக்கிறேன். ஒரு முறை நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “மீதி 263 பேரும் நன்றாக வந்துவிட்டார்களா, டீச்சர்?” என்று கேட்டாள். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாள். கல்லில் அதற்குப் பதில் இல்லை. போனவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று இரண்டே எண்கள். கை போய், கண் போய், நுரையீரல் கெட்டுத் திரும்பி வந்து, இந்தத் தெருக்களில் முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கல்லில் இடமில்லை. கார்கிலில் இறந்தவர்கள் 527 பேர் என்பது பலருக்கும் தெரியும். காயம்பட்டவர்கள் 1,363 பேர். இந்த இரண்டாவது எண்ணை யாராவது மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

செய்தி உங்களுக்கு எப்படி வந்தது?

தெருமுனை எஸ்.டி.டி. கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். முதலில் பேசியவர் இந்தியில் பேசினார், பிறகு ஒரு தமிழர் வாங்கிப் பேசினார். “உயிருக்கு ஒன்றும் இல்லை, அம்மா” என்றுதான் தொடங்கினார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. மாமியார் என்னிடமிருந்து போனை வாங்கி, “நடப்பானா?” என்று மட்டும் கேட்டார். மாமனாரும், ஊரில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரும் அன்று இரவே சென்னை போய் டெல்லி ரயில் ஏறினார்கள். சண்டிமந்திர் ராணுவ மருத்துவமனையில் அவரைப் பார்த்தார்கள். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் அவரைப் பார்த்தது அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான்.

உங்களுக்கு இப்படி ஒரு நாள் வந்தால், அழுகைக்கு நடுவிலும் பேசியவரின் பெயர், பதவி, யூனிட், மருத்துவமனை, வார்டு ஆகிய ஐந்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வயதான பட்டாளத்தார் ஒருவரை உடன் அனுப்புங்கள். எந்த அறையில் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இல்லாத கால் வலிக்குமா?

வலிக்கும். பொய் இல்லை, மனப்பிரமையும் இல்லை. முதல் வாரத்திலேயே “பெருவிரல் நகத்தை யாரோ பிடுங்குகிறார்கள்” என்றார். அந்தப் பெருவிரல் பஞ்சாபில் போய்விட்டது. மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது, அது செய்தி தேடிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு மருத்துவர் விளக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களைப் பார்த்த வீர் மிச்செல் என்ற மருத்துவர், 1871-இல் இதற்கு ‘பேய் உறுப்பு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அத்தனை பழைய வலி இது.

1990-களில் நம் தமிழரான நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியை வைத்து வழி கண்டார். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்த வேண்டும். நல்ல காலின் பிம்பம், போன கால் இருந்த இடத்தில் தெரியும். நல்ல காலை மெல்ல அசைத்தால், போன காலும் அசைவதாக மூளைக்குத் தெரியும். இறுகிக் கிடந்த விரல்கள் விரிவது போலிருக்கும். எங்களிடம் அப்படி ஒரு கண்ணாடி இல்லை. பீரோக் கதவில் இருந்த நீளக் கண்ணாடியைக் கழற்றி, பலகையில் ஆணியடித்து நிறுத்தினோம். தினமும் பதினைந்து நிமிடம். மூன்று மாதத்தில் நகம் பிடுங்கும் வலி விட்டது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. மருந்தும் தேவைப்படலாம். மழை மூட்டம் போட்டால் இன்றைக்கும் ஒரு குத்தல் வரும். வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், நானும் நிறுத்திவிடுவேன்.

செயற்கைக் காலைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நிறைய. மருத்துவர்கள் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘மீதிக் கால்’ என்று பெயர். யாராவது ‘கட்டைக்கால்’ என்றால் மாமியார் சண்டைக்குப் போய்விடுவார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த நாள்களில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் கொடுக்காதீர்கள். பாசத்தில் எல்லாரும் செய்யும் தவறு இது. முட்டி மடிந்தே இறுகிப்போனால் செயற்கைக் கால் பொருந்தாது. மீதிக் காலுக்குக் கட்டுத்துணி சுற்றும்போது நுனியில் இறுக்கமாகவும் மேலே வர வரத் தளர்வாகவும் எட்டு வடிவில் சுற்ற வேண்டும். வீக்கம் வடிந்து அது சுருங்கிக்கொண்டே வரும். அதனால் முதல் ஆண்டில் போட்ட கிண்ணம், அதாவது சாக்கெட், அடுத்த ஆண்டுக்குள் தளர்ந்துவிடும். அதுவரை சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுச் சரிக்கட்ட வேண்டும்.

அவருக்கு முதல் கால் புணேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்தில் பொருத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-இல் தொடங்கிய மையம் அது. அரக்கோணத்தில் மும்பை ரயில் ஏறிப் போய் வருவோம். அங்கே இரு பக்கமும் கம்பி பிடித்து நடக்கப் பழகும் கூடத்தில்தான், இரண்டு காலும் போனவர்கள் பந்தயம் வைத்து நடப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலூர் வெயிலுக்குத் தனிப் பாடம் உண்டு. கத்திரி மாதத்தில் கிண்ணத்துக்குள் வேர்வை தேங்கித் தோல் ஊறிவிடும். மதியம் ஒரு முறை கழற்றி, துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள். மீதிக் காலைக் காலையில் கழுவாதீர்கள், இரவில் கழுவுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தோல் உரியும். மாட்டும் முன் எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை அடியில் பிடித்துத் தினமும் பாருங்கள். சிவந்த இடம் கால் மணி நேரத்தில் மறையவில்லை என்றால் கிண்ணம் அழுத்துகிறது என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும் வீரம் அந்த இடத்தில் உதவாது. ஒரு சிறு புண் ஆறு வாரம் கட்டிலில் போட்டுவிடும்.

நம் வாழ்க்கை தரையில் நடக்கிற வாழ்க்கை. சம்மணமிட வேண்டும், குந்த வேண்டும், வெறுங்காலோடு கோயிலுக்குள் போக வேண்டும். இதையெல்லாம் நினைத்து 1968-இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கியது ஜெய்ப்பூர் பாதம். வயலுக்குப் போக அவர் இன்றைக்கும் அதைத்தான் விரும்புகிறார்.

இன்னொன்று செருப்பு. செயற்கைப் பாதத்துக்கும் செருப்பு வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. எந்தக் குதி உயரத்துக்குக் காலைச் சரிசெய்து கொடுத்தார்களோ அதே உயரத்தில்தான் எப்போதும் போட வேண்டும். அரை அங்குலம் மாறினால் முட்டி முன்னே தள்ளும் அல்லது பின்னே வாங்கும். செருப்புக்குப் பேர்போன ஆம்பூர் பக்கத்தில் இருப்பதால் ஒரு வசதி. பழைய ஜோடியைக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி வந்துவிடுவோம்.

பென்ஷன் எவ்வளவு? காகிதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் பாதியை நிறையப் பேர் கேட்கிறார்கள். முக்கியம் இரண்டாவது பாதி.

எங்கள் காலத்து விதியைச் சொல்கிறேன். காயத்தால் பணியிலிருந்து அனுப்பப்பட்டவருக்குப் பணிக்கான பகுதி ஒன்று, காயத்துக்கான பகுதி ஒன்று. இரண்டாவது பகுதியில்தான் எல்லாம் இருக்கிறது. மெடிக்கல் போர்டு என் கணவருக்கு 60 சதவீத ஊனம் என்று எழுதியது. 50-க்குக் குறைவானால் 50, அதிலிருந்து 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவருக்கு 75. கடைசிச் சம்பளம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்க்காயம் என்றால் காயத்துக்கான பகுதி 75 ரூபாய். சாதாரண ஊனம் என்றால் 30 ரூபாயில் முக்கால் பங்கு, 22 ரூபாய் 50 காசு. கால் ஒன்றுதான், காகிதத்தில் எழுதும் சொல்லைப் பொறுத்துத் தொகை இப்படி மாறுகிறது.

எங்கள் விஷயத்தில் ஓர் அலுவலகத்தில் ‘விபத்து’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள். எல்லைப் பணி, வெடிநிலம் என்ற விவரம் விடுபட்டது. அதனால் குறைந்த தொகைதான் வந்தது. ஓய்வுபெற்ற கிளார்க் ஹவில்தார் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, ‘பேட்டில் கேஷுவல்டி’, அதாவது போர்ப்பணியில் காயம்பட்டவர், என்ற சொல் எங்குமே இல்லை என்று கண்டுபிடித்தார். உடன் இருந்தவர்களின் வாக்குமூலம், விசாரணை அறிக்கையின் நகல், யூனிட்டின் கடிதம் என்று சேர்த்து அனுப்பி அதைத் திருத்தி வாங்க இரண்டரை ஆண்டு ஆனது. அந்த இரண்டரை ஆண்டில் என் வளையல்கள் போயின. அதைவிட, அவர் தன் காயத்தைத் தானே நிரூபிக்க வேண்டி வந்ததுதான் என்னைச் சுட்டது.

ஆகவே, மருத்துவமனையில் இருக்கும்போதே காய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இடம், பணி, காரணம் மூன்றும் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். மெடிக்கல் போர்டின் நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். கல்யாணமும் பிள்ளைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். மனைவியின் பெயரில் ஒரு எழுத்து, பிள்ளையின் பிறந்த தேதியில் ஒரு நாள் மாறியிருந்தாலும் பிற்காலத்தில் அலைச்சல். இதையெல்லாம் வெலிங்டனில் உள்ள ரெக்கார்டு அலுவலகம் வழியாக இப்போதே திருத்திவிடுங்கள். இப்போது ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில் வருகிறது. ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்க மறக்காதீர்கள்.

மறுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, சென்னையில் அதன் கிளை இருக்கிறது. பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்த 50, 75, 100 கணக்கு உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரிலிருந்து புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பின் வெளிவருபவர்கள் அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

அக்னிவீரர்களுக்கும் இதே பென்ஷன் உண்டா?

இல்லை. அவர்களைச் சேர்க்கும், 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு மாதாந்தர ஓய்வூதியம் கிடையாது. 50, 75, 100 சதவீதம் என்ற அளவில் முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரே தவணையாகத் தருவார்கள். மீதிப் பணிக்காலச் சம்பளமும், பணி முடிவில் தரும் சேவா நிதி என்ற தொகையும் உண்டு. மகனை அனுப்பும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்தொரு வயதில் காலை இழப்பவன் இன்னும் ஐம்பது ஆண்டு அந்தக் கிண்ணத்தையும் சாக்ஸையும் மாற்றிக்கொண்டிருப்பான். மாதாமாதம் ஒரு தொகை அவர்களுக்கும் வேண்டும் என்று நான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வேலூரில் உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1949 முதல் டிசம்பர் 7 அன்று கொடி நாளுக்கு நீங்கள் உண்டியலில் போடும் பணம் படைவீரர் நலனுக்கும் மறுவாழ்வுக்கும்தான் போகிறது. ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு. அட்டை எடுத்துவிடுங்கள்.

பாகாயத்தில் சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் படித்துவந்து அந்தத் துறையை இங்கே வளர்த்தார். 1966-இல் நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமாகவே மாறக் கற்றுக்கொண்டு வீடு திரும்பிய இடம் அது. முதுகெலும்பில் அடிபட்ட படைவீரர்களுக்குப் புணே அருகே கிர்க்கியில் தனி மையம் உண்டு, 1974 முதல்.

கோபம் வருமா? தூங்குவாரா?

இதைப் பெண்கள் மட்டும் கேட்கிறார்கள், அதுவும் கிணற்றடியில், மெதுவாக. நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.

வந்த முதல் ஆண்டு அவர் எங்கள் கொல்லைக்குள் இறங்கவே மாட்டார். வரப்பில் நிற்பார். பிறகு இறங்கினார், ஆனால் முன்னால் போகிறவரின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்தார். மகள் ஓடினால் “நில்!” என்று அலறுவார். குழந்தை பயந்து அழும். தீபாவளி அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் மத்தாப்பு மட்டும்தான். தெருப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு கோடியில் போய் வெடித்தார்கள். அதை அவர்களிடம் நான் போய்ச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை.

குடித்தார். கேன்டீனில் மலிவாகக் கிடைக்கிறது, தூக்கம் வருகிறது என்று தொடங்கியது. ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்தது. எத்தனையோ வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது, மூடி வைக்கிறார்கள். அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனபோது உறவினர்கள் “பைத்தியம் என்று பெயர் வாங்கிக் கொடுக்கிறாய்” என்று என்னை ஏசினார்கள். மருந்தும் பேச்சும் ஆறு மாதத்தில் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தன. இப்போது 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். எனக்கு அன்று அப்படி ஓர் எண் இல்லை.

மருந்துக்கு இணையாக உதவியது இன்னொன்று. ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்கள் நாலைந்து பேர் வந்து, “அண்ணா, எங்களுக்கு நேரம் பார்த்துச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஸ்டாப் வாட்ச்சோடு நிற்கிறார். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் முழு மதிப்பெண். ஓடி முடித்ததும் ஷூவைக் கழற்றச் சொல்லி எல்லார் பாதத்தையும் பார்க்கிறார்.

மகனாக இருந்தால் அனுப்புவீர்களா?

மகன் உண்டு, 2005-இல் பிறந்தவன். கேட்டான். அப்பா சரி என்றார். நான் மூன்று நாள் பேசவில்லை. பிறகு அவன் தேர்வில் தேறவில்லை. எனக்கு வந்த நிம்மதியையும், அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவரைப் பார்த்தால் என்ன பேசுவது?

கல்யாண வீட்டில் மைக்கில் அழைத்துப் பொன்னாடை போர்த்தாதீர்கள். பந்தியில் கீழே உட்கார வைத்துவிட்டுப் பிறகு பதறாதீர்கள். மேசை இருக்கிற வரிசையில் ஓரத்து நாற்காலியை விட்டால் போதும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஏன் எதற்கு என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரிக்க வேண்டாம். கடலை விலையைக் கேளுங்கள். மோட்டார் ரிப்பேரானால் கூப்பிடுங்கள். ஏரிக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

ராத்திரி காலை எங்கே வைப்பார்?

இது குழந்தைகளின் கேள்வி. என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்.

கட்டிலுக்கு இடப்பக்கம், சுவரோரமாக, கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தி வைப்பார். கிண்ணத்தை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு முறை துடைப்பார். சாக்ஸ் துவைத்துக் கொடியில் காயும். மீதிக் காலைக் கழுவி, துடைத்து, கண்ணாடியில் பார்த்துவிட்டு, வலது பாதத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு படுப்பார். காலையில் எழுந்ததும் செயற்கைக் காலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். எங்கள் ஓட்டு வீட்டில் தேள் நடமாட்டம் உண்டு. பட்டாளத்தில் பூட்ஸைத் தட்டிப் போட்ட கை அது. இரண்டு தட்டு கேட்டதும் நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பேன்.